ஒரே நிமிடத்தில் திரும்பிய வேன்

இன்று ராஜபாளையத்தில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? பாண்டீஸ்வரி அக்காவை! பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பைத்தான் கணினி மொழியும் சொல்லித்தருவார். அட்டவணையில் எந்தப் பத்தியை முதலில் வைத்து வரிசைப்படுத்துவது என்று கேட்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனேன். பதிலுக்கு, போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னார். கேட்டதிலிருந்து படபடப்பு அடங்கவில்லை. அப்படியே தட்டுகிறேன்.

மலையிலுள்ள அய்யனார் கோவிலுக்கு ஓடையைத் தாண்டிப் போகிறவர்களை அக்காவும் நண்பர்களும் லேப்டாப்பில் பதிவார்கள். பெயர், வேன் நம்பர், போன நேரம், திரும்பிய நேரம். அன்று மலைமேல் திடீரென்று கறுத்தது. ஓடை செந்நிறமாகி ஏறியது. குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் ஒவ்வொருவராக வரவேண்டியிருந்தது. கயிற்றடியில் நின்ற சந்தனம் அண்ணன் கத்தினார்.

"ஏத்தா பாண்டீசு, எல்லாரும் வந்தாச்சா? தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. கயித்த அவுத்துட்டு நாங்களும் மேல ஏறணும்!"

அக்கா, திரும்பிய நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினார். காலிக் கட்டம் இருந்தால் முதலில் வந்து நிற்கும்படி நிரல் எழுதியிருந்தார். ஒன்றுகூட இல்லை.

"வந்தாச்சுண்ணே!"

அடுத்து வேன்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். அதனால் இந்த முறை வரிசைப்படுத்த இரண்டு பத்திகளைக் கொடுத்தார். முதலில் வேன் நம்பர், அதற்குள் திரும்பிய நேரம். இப்போது ஒரே வேன்காரர்கள் சேர்ந்து நின்றார்கள். மற்ற எல்லா வேனிலும் நேரம் முன்னே பின்னே இருந்தது. வ. புதுப்பட்டி வேனில் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே நிமிடம்.

கயிற்றில் எப்படி எல்லோரும் ஒரே நிமிடத்தில் வர முடியும்!

அக்கா மழையில் ஓடினார். வேனின் முன்சீட்டில் குடும்பத்துக்கு மூத்தவரான கருத்தையா.

"பெரியப்பா, திரும்பி வந்ததா யாரு பேரு குடுத்தது?"

"நாந்தேன். எல்லாரும் வந்தாச்சுன்னு ஒத்த வார்த்தையில சொன்னேன். மூத்தவன் சொன்னாப் பத்தாதா? நீ என்ன சென்சஸ் எடுக்க வந்தியாக்கும்?"

வேனுக்குள் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். செல்வலட்சுமி என்றதும் பதில் இல்லை.

முன்னால் இருந்த அவள் புருஷன் விஜயபாண்டி திரும்பினான். "பொறத்தால பொம்பளையாளுகளோட இருக்கால்ல?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் பதறினாள். "ஒங்கூட முன்னால இருக்கான்னுல்ல நெனச்சோம்! பொங்கப்பானைய எடுக்கத் திரும்பிப் போனாளே…"

"அவுக்காதீக! அண்ணே, அவுக்காதீக!" அக்கா கத்திக்கொண்டே ஓடினார். சந்தனத்தின் கை முடிச்சில் இருந்தது. எதிர்க்கரையில், இடுப்பில் பானையோடு செல்வலட்சுமி. அவள் கூப்பிட்டது தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

சந்தனம் மறுபடி இறங்கினார். "பானையப் போடுத்தா! ரெண்டு கையாலயும் கயித்தப் பிடி!"

பானை போயே போய்விட்டது. நடுவில் அவள் கால் வழுக்கியது. கயிறு வில்லாக வளைந்தது. சந்தனம் அவள் தோளைப் பிடித்து இழுத்துவந்தார். கருத்தையா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைகொடுத்துக் கரையேற்றினார். அப்புறம் அக்காவிடம் வந்தார்.

"எம்மருமக செல்வலட்சுமி… இப்பத்தேன் வந்திருக்கா. எழுதிக்கோத்தா."

மலைக் கோவிலுக்குப் போகிறவர்களே, திரும்பியதும் அவரவர் பெயரை அவரவரே சொல்லுங்கள், ப்ளீஸ். வேன் பிடிக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இதைப் போடுங்கள்!