எலுமிச்சம்பழம் நசுங்கியது, கார் நிற்கவில்லை

வெள்ளிமலைக்குப் போகும் முன் காரின் முன்பக்க பிரேக் பேடுகளை நானே மாற்றினேன். பிரேக் பிஸ்டனைக் கிளாம்பால் உள்ளே தள்ளினால்தான் புதுப் பேடு நுழையும், தள்ளினேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, என் மனைவி கற்பூரத்தட்டோடு எதிரே சுவரோரம் நின்றாள்.

“பிரேக்க ஒருதபா மிதிச்சுப் பாருங்க,” என்றாள்.

“உனக்கு இன்னா தெரியும்? நீ பழத்தப் பாரு!” என்று வண்டியை எடுத்தேன்.

பழம் நசுங்கியது. மிதித்த பெடல் அடிவரை போனது, கார் நிற்கவில்லை. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி அவள் கால் முறிந்தது.

உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொடும்வரை, கிளம்பும் முன்பே பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டுமாம். மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது மறக்காமல் மிதிக்கிறேன். அவள்தான் என் வண்டியில் ஏறுவதில்லை. தாங்கித் தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறாள்.