ஜன்னலுக்கு நேரே ஒரு துளை

என் அக்கா புருஷனுக்குத் தெரிந்த பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: பரவாயில்லை. கல்யாணத்தன்று புடவை கட்டி வந்து "எப்படி இருக்கேன்?" என்று அக்கா கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போகப் போக அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இழுத்துச் சொன்னால் பிரமாதம், வெடுக்கென்று சொன்னால் பொறுத்துக்கொள்கிறார். சாப்பிட்டு எழும்போது அவர் இழுத்துச் சொன்னால், "பாத்தியாடா, உங்க அத்தான் என்னைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறாரு" என்பாள். அக்கா போன பிறகு அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

அத்தானுக்குத் தொழில், புது வீடுகளில் சமையலறைப் புகைக்குக் குழாய் போடுவது. அடுப்பு எங்கே, சிம்னி எங்கே, புகை எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று பார்த்துச் சுவரைத் துளைப்பார். கட்டட வேலைக்காரர்கள் அவரைப் 'புகைபோக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதே கட்டடங்களில் ஒயர் இழுப்பவன். நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் வாயே திறக்கமாட்டார். நல்ல ஜோடிதான் போங்கள்.

அக்கா இறந்ததும் அவர் தன் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினார். கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து முன்னறையில் டிவி முன்னால் உட்கார்ந்து தின்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டோடு வந்துவிடச் சொன்னால் அதற்கும் பரவாயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் உட்கார்ந்திருக்கும்போதே அந்த வீடு ஆளில்லாத வீடாகத்தான் இருந்தது.

அவர் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு இளம் தம்பதி வீடு கட்டினார்கள். குழாய் வேலை அவருக்கு, ஒயர் வேலை எனக்கு. அவர்கள் அடுப்பு வரும் சுவருக்கு வெளியே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. சந்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அத்தானின் சமையலறை ஜன்னல். புகைக்கு இரண்டு வழி இருந்தது. சுவரைத் துளைத்து நேராகச் சந்தில் விடலாம், இல்லாவிட்டால் இரண்டு வளைவு போட்டு மொட்டைமாடிக்கு ஏற்றலாம்.

"சந்துல விட்டா உங்க ஜன்னலுக்குத்தானே வரும், ஐயா? மாடிக்கே ஏத்திடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"வளைவு கூடக்கூட இழுப்பு குறையும். நேரா விடுறதுதான் சரி" என்றார் அத்தான்.

அது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம். அவர் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"ஊர்ல எல்லார் வீட்டுப் புகையையும் விரட்டிட்டு, உங்க மூக்குக்கு நேரா ஒண்ணை விடுறீங்களே அத்தான், புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"உன் ஒயரைப் பாரு."

எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே திரும்பாதபடி குழாயை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரித்து வைத்தார். காற்று தள்ளினால் மட்டும் திறக்கிற மூடியை மாட்டினார். அத்தோடு வேலை முடிந்தது.

அவர்கள் குடிவந்த பிறகு ஒரு சாயங்காலம் அத்தான் வீட்டுக்குப் போனேன். டிவி ஓடவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கடைப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பூண்டு" என்றார். "கொஞ்சம் கருகிடுச்சு. அந்தப் பொண்ணு போன்ல பேச ஆரம்பிச்சா அடுப்பை மறந்துடும். நேத்து வெங்காயம். அது நல்லா பொன்னா வதங்கிச்சு."

இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல அவர் பேசி எத்தனை காலமாயிற்று. மனுஷன் மூக்காலேயே பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் பொட்டலத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர் ஜன்னலில் அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, எங்க சமையல் வாசனை உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"பரவாயில்லைம்மா" என்றார் அத்தான்.

அக்காவின் சமையலுக்குக் கிடைத்த அதே இழுத்த பரவாயில்லை. எனக்கே புரிந்தது. ஆனால் ஜன்னல் கொசுவலைக்குப் பின்னால் இருந்த அவர் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது, அந்த இழுப்பின் அர்த்தமும்தான். வெறும் சொல் மட்டும்தான் சந்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். நானும் இருந்தேன்.

"எங்களுக்கு மனசு கேக்கல, ஐயா. நீங்க பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கறீங்க. குழாயை மாடிக்கே மாத்திடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும்."

"இப்படித்தான் சொல்வீங்கன்னு இவ அப்பவே சொன்னா."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் காலை மிதித்தார்.

அவர்கள் போனதும் கத்தினேன். "வாயைத் தொறந்து சொன்னா என்ன, கிரீடமா எறங்கிடும்?"

"என்னன்னுடா சொல்ல? உங்க அடுப்பை மோந்து பாத்துக்கிட்டுத்தான் நான் சாப்பிடுறேன்னா?"

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

மாற்றும் வேலையையும் அத்தானேதான் செய்தார். இரண்டு வளைவு போட்டு, மூட்டுக்கு மூட்டு டேப் சுற்றி, மாடிக்கு ஏற்றினார். பழைய துளையையாவது அரைகுறையாக அடைப்பார் என்று பார்த்தேன். செங்கல் துண்டு வைத்து, சிமெண்ட் பூசி, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடைத்தார். "இனிமே நிம்மதியா இருங்க, ஐயா" என்றாள் அந்தப் பெண். அவர் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் பொட்டலத்தை நானே வாங்கிக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்தும்போதே தெருவெல்லாம் பூண்டு மணத்தது. மாடியிலிருந்து இறங்கி முன்பக்கம் வீசிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் துளி வாசனை இல்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"வெளிய என்னடா, இன்னிக்கு?" என்றார்.

"பூண்டு."

"கருகிடுச்சா?"

"இல்ல, அத்தான்."

"பரவாயில்லையே" என்றார், இழுத்து.