நான் மூடி மறைத்த தீர்ப்பு

காவலூருக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் நான் ஆசிரியை. போன கோடையில் ஒரு மதியம், பள்ளிக்கூடத்து மரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்களுக்கு என் லேப்டாப்பில் ஒரு குத்துச்சண்டைப் படம் போட்டேன். மூட்டை தூக்கும் ஒருவன் பெரிய சாம்பியனோடு மோதும் கதை.

படம் ஓடினாலும் அவர்கள் கை நிற்கவில்லை. புளியைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. கொட்டை தெறித்து விழும். நாயகன் சுருண்டு விழுந்தபோதுதான் எல்லாக் கட்டைகளும் ஒன்றாக நின்றன. அவன் கயிற்றைப் பிடித்து எழுந்தான். கடைசி மணி வரை நின்றான்.

தீர்ப்பில் அவன் தோற்பான் என்பது எனக்குத் தெரியும். இவர்கள் மனசு விட்டுப்போகக் கூடாதே என்று லேப்டாப்பை மூடி, "ஜெயிச்சுட்டார்" என்றேன்.

"அப்டிங்களா" என்றார்கள். கட்டைகள் மறுபடி தட்டத் தொடங்கின. அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது. "பொய் சொல்லிட்டேன். அவர் தோத்துட்டார்."

எதிரில் இருந்த காசியம்மா நிமிர்ந்தார். "அவ்ளோ அடி வாங்கி, தோத்தும் நின்னாரா? இன்னா டீச்சர், இதப் போய் மறைக்கிறீங்க! ஜெயிச்சுட்டார்னதும் சினிமாதானேன்னு வுட்டுட்டோம். இப்பதான் அவரு நம்ம ஆளு. அந்த எடத்தப் போடுங்க."

போட்டேன். சாம்பியனின் கை உயர்ந்தது. தோற்றவனுக்காக அத்தனை கட்டைகளும் கல்லில் ஓங்கி ஓங்கித் தட்டின.

தோல்வியைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பை மூடியவள் அங்கே நான் ஒருத்திதான்.