ஓட்டக்காரருக்கு வக்காலத்து

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். பிரேக் பிரிவில் மூத்த மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். ஆள் கண்ணில் படமாட்டார், குரல் மட்டும் வரும். சக்கரத்தைக் கழற்றும்போதும் பேச்சு, மாட்டும்போதும் பேச்சு. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், யாரோ வண்டிக்குள் வானொலியை அணைக்காமல் போய்விட்டார்கள் என்று சீட்டுக்குச் சீட்டு தேடினார் என்பார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவரும் அவரேதான்.

அவர் கருத்துச் சொல்லாத விஷயம் கிடையாது. ஆனால் உயிரைக் கொடுத்துப் பேசியது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். இதுவரை பிறந்த விளையாட்டு வீரர்களிலேயே பெரியவர் யார்? மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பழைய டயர்கள் அடுக்கிய சுவருக்குப் பின்னால் கிடந்த நீள பெஞ்சில், இந்த வழக்கு வருடக்கணக்காக நடந்துவந்தது. எதிர்க்கட்சி, உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்காரர். கம்பிவலை அடித்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு போல்ட் கேட்டால்கூட எதற்கு, ஏன், பழையது எங்கே என்று குடைந்தெடுக்கும் மனிதர். ரேடியோவின் ஆள் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரர். ஸ்டோர்காரரின் ஆள் ஒரு நீச்சல்காரர். இரண்டு பேரையும் இவர்கள் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. ஆனால் பேச்சைக் கேட்டால், இருவரையும் தூக்கி வளர்த்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும்.

"உலகத்துல பொறந்த அத்தனை பேரும் ஒரு நாளாவது ஓடியிருக்கான்யா," என்பார் ரேடியோ. "நாய் துரத்துனா ஓடறான். பஸ்ஸைப் பிடிக்க ஓடறான். அத்தனை பேரையும் தாண்டி ஒருத்தர் முன்னாடி வந்து நிக்கறாரு. உன் ஆளு யாரை ஜெயிச்சாரு? நீச்சல் குளத்தையே பாக்காதவன் எத்தனை கோடிப் பேரு? போட்டிக்கே வராதவனை ஜெயிச்சா அதுக்குப் பேரு ஜெயிப்பா?"

"கால் இருக்கறவன் ஓடத்தான் செய்வான், இதுல என்ன பெருமை?" என்பார் ஸ்டோர்காரர். "தண்ணி மனுஷனுக்கு ஆகாத எடம். மூச்சு விடவே வழி இல்ல. அங்க போயி மீனுக்கே பாடம் எடுக்கறாரே, அதைச் சொல்லு. கழுத்து கொள்ளாம மெடல் தொங்குதே, அதைச் சொல்லு."

"மெடலா? மல்லாக்கப் போனா ஒண்ணு, குப்புறப் போனா ஒண்ணு, பட்டாம்பூச்சி மாதிரி அடிச்சா ஒண்ணுன்னு அள்ளி விடறாங்க. பின்பக்கமா ஓடறதுக்கும் நொண்டி அடிக்கறதுக்கும் மெடல் வெச்சுப் பாரு, எங்காளு அதையும் வாங்கிட்டு வருவாரு!"

பெஞ்சு அதிரும். கை கழுவிய ஈரத்தோடு நின்று கேட்பவர்கள் கட்சி பிரிந்து கத்துவார்கள். சைரன் ஊதியதும் இருவரும் ஒன்றாக எழுந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி வேலைக்குப் போவார்கள்.

ஒரு நாள் மதியம் ரேடியோவின் வாக்கியம் பாதியில் நின்றது. ஸ்டோர்காரர் அன்று ஒரு புதுக் கேள்வியோடு வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய ஓட்டக்காரரை இன்றைய பிள்ளைகளோடு ஓடவிட்டால் கடைசியாகத்தானே வருவார், பிறகு எப்படி அவர் பெரியவர்? ரேடியோ கையை ஓங்கி, "அப்படிப் பாத்தா…" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"என்னய்யா, சத்தத்தையே காணோம்?" ஸ்டோர்காரர் கை தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஓங்கிய கை மெல்லத் தொங்கியதையும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதையும் கண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள் மருத்துவமனையில். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிர் தப்பியது. சில வாரங்களில் கால் ஓரளவு திரும்ப வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அவருக்கு எல்லாமே புரிந்தது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. தான் சொல்ல வேண்டிய சொல்கூட உள்ளே பளிச்சென்று நின்றது. ஆனால் நாக்குக்கு வந்து சேர்வதற்குள் அது வேறொன்றாக மாறிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்று வாயைத் திறந்தால் "சாவி" என்று வந்தது. கதவைச் சாத்தச் சொல்லப்போனால் "சட்டை" என்று வந்தது. மனைவி ஓடிப்போய் சட்டையை எடுத்து வந்து நிற்பாள். அவர் தலையைத் தலையை ஆட்டுவார். அவள் இன்னொரு சட்டையை எடுத்து வருவாள். இப்படி நாலு சட்டை கட்டிலில் குவிந்த ஒரு நாள், அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். திறந்தால்தானே தப்பு வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன சார்? சும்மா முயற்சி பண்ணுங்க," என்பாள். கோப்பை. நாற்காலி. பூட்டு. பிரேக் டிரம்மைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொன்ன மனிதருக்கு முன்னால் ஒரு கோப்பையின் படம். அவர் அட்டைகளை இடது கையால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பணிமனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலை மனைவியிடம் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோர்காரர் கடைசியில்தான் வந்தார். தனியாக வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் ரேடியோவின் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"நான் யோசிச்சுப் பாத்தேன்யா. நீ சொன்னதுதான் சரி. ஓட்டக்காரர்தான் பெரியவரு. நான் ஒத்துக்கறேன்."

எத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்! இப்போது அது தானாக வந்து மடியில் விழுந்தது. ஆனால் ரேடியோவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மருத்துவர் அடைப்பு என்று சொன்னபோதுகூட இப்படி இருக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு நடந்தபோதும் இப்படி இருக்கவில்லை. 'இனி உன்னோடு சண்டை போட ஒன்றுமில்லை' என்று ஸ்டோர்காரர் சொல்லாமல் சொல்லிவிட்டார். ஒரு மனிதனைக் கை கழுவிவிட இதைவிட அன்பான வழி உண்டா? கையை உதறிப் பிடுங்கிக்கொண்டார். தலையணையை எடுத்து வீசினார்.

"போ!" என்றார். "போய்யா!"

சொல் மாறவில்லை. குழறவில்லை. தெருவில் போகிறவர் காதிலும் விழுந்திருக்கும். ஸ்டோர்காரர் முகம் வெளிறி எழுந்து போனார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி, கீழே கிடந்த தலையணையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் அவள் இதைச் சொன்னாள். "கோபம் வந்தா சில சொல் தானா வந்துடும்மா," என்றாள் அந்தப் பெண். "அது நல்ல அறிகுறி. அவர் எதைப் பத்தி நிறையப் பேசுவாரு?"

மனைவி பெருமூச்சு விட்டாள். "கேக்காதீங்க. அதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தலை நரைச்சது."

அன்று சாயங்காலமே அவள் பணிமனைக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்காரர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"என் மேல கோவமா இருக்காராம்மா? அன்னிக்கு நான் கை தட்டிச் சிரிச்சேன். அது மனசுல நிக்குது போல."

"அது இல்லண்ணா. நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"சந்தோஷப்படுவாருன்னுதான்…"

"செத்துப்போனவங்களைத்தான்ணா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. அவர் இருக்காரு. வந்து சண்டை போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலை உயர்த்திவிட்டார். "அன்னிக்கு ஏதோ பாவமேன்னு சொல்லித் தொலைச்சேன். உண்மையில உன் ஓட்டக்காரர் ஒண்ணும் பெரிய ஆள் இல்லய்யா. கடைசி ரெண்டு வருஷம் காயம்னு சொல்லிட்டு வீட்லயே உக்காந்துட்டாரு. எங்காளு தோள்பட்டைல வலியோட நீந்தினாரு!"

"இல்ல!" என்றார் ரேடியோ.

"என்ன இல்ல?"

"இல்ல… கால்… கால்…" அடுத்த சொல் வரவில்லை. தன் முழங்காலைக் காட்டினார், முறிப்பதுபோல் சைகை செய்தார். எழுந்து நின்று, இழுத்துக்கொண்ட காலோடு ஓடிக்காட்டினார். விழப்போனவரை ஸ்டோர்காரர் பிடிக்கவில்லை. பிடித்தால் மறுபடி தலையணை பறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ரேடியோ நின்றார். "கால் போச்சு. ஓடி…னாரு!" வியர்த்துக் கொட்டியது. மூன்று சொல்லுக்கு ஒரு மைல் ஓடிய களைப்பு.

அதற்குப் பிறகு பயிற்சிப் பெண் கோப்பைப் படத்தை எடுக்கவில்லை. ஓட்டப்பந்தயப் படங்கள், நீச்சல்குளப் படங்கள், குத்துச்சண்டைப் படங்கள் கொண்டுவந்தாள். அவளும் ஒரு கட்சியில் சேர்ந்தாள், குத்துச்சண்டைக் கட்சி. அடி வாங்கிக்கொண்டே யோசிக்க வேண்டிய விளையாட்டு அது ஒன்றுதான் என்பது அவள் வாதம். ரேடியோ அவளை முறைத்துவிட்டு, பதில் சொல்வதற்காகவே பத்துச் சொல் கற்றுக்கொண்டார்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் எதிராளி வாயைத் திறக்கும்போதே பதிலைத் தீட்டிக்கொண்டிருந்தவர், இப்போது குறுக்கே விழ முடியாததால் கடைசிவரை கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மாலை, துணிகளை மடித்து வைத்தபடியே மனைவி தன் பங்குக்குச் சொன்னாள்:

"உங்க லிஸ்ட்ல ஒரு பொம்பளைகூட இல்லையே, ஏன்? குழந்தை பொறந்து ஒரு வருஷம்கூட ஆகாம திரும்ப வந்து, டென்னிஸ்ல ஜெயிச்சாளே ஒருத்தி. ராத்திரி பூரா பாலுக்கு எழுப்பும். இடுப்பு எலும்பு இன்னும் கூடியிருக்காது. எனக்கு நம்ம பொண்ணு பொறந்தப்போ மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிச்சு. அந்த உடம்போட போயி, இருபது வயசுப் பொண்ணுங்களை நிக்க வெச்சு அடிச்சா. உங்க ஓட்டக்காரர் எதைச் சுமந்துட்டு ஓடினாரு?"

அவள் இதைப் பல வருடமாகச் சொல்ல முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "உங்க லிஸ்ட்ல" என்பதைத் தாண்டியதில்லை. அவர் வாயைத் திறந்தார், மூடினார். பதில் இல்லை. சொல் கிடைக்காத குறை இல்லை அது. தேடிப் பார்த்தார், உள்ளேயும் இல்லை. அன்றிரவு முழுக்க அதையே அசைபோட்டார். தன் ஓட்டக்காரர் எதைச் சுமந்துகொண்டு ஓடினார் என்று இத்தனை வருடத்தில் தான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லையே. காலையில் காபி குடித்த கோப்பையை அவள் கையில் கொடுக்கும்போது, "நீ… சொன்னது," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நல்லா சொன்ன," என்றார். தோற்றேன் என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அவரால் போக முடியாது. அதுவே போதும் என்பதுபோல் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் அரை நாள் வேலைக்குத் திரும்பினார். வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், கழற்றி வந்த பிரேக்குகளை மேசையில் வைத்துச் சோதிக்கும் வேலை. பணிமனை சத்தமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாருக்கும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. மதியம் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள். ஆரம்பத்தில் அவர் ஒரு சொல்லுக்குத் திணறினால் நாலு பேர் நாலு சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டோர்காரர் ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். டயர் அடுக்குக்குப் பின்னால் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததே இல்லை.

ஒரு நாள் மதியம் ரேடியோ பெரிய வாதம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். வீட்டில் பயிற்சிப் பெண்ணோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தது. எழுந்து நின்றார். இடுப்பில் கை வைத்தார்.

"எல்லாருக்கும்… சொல்றேன்," என்றார். "காலம் மாறும். ஷூ மாறும். ரோடு மாறும். அவரு கூட… ஓடினவங்களை… ஜெயிச்சாரு. அது போதும். அதனால… எல்லாத்துலயும் பெரியவரு…"

எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"…நீச்சல்காரர்!"

தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் சுருங்கியது. சட்டைகள் குவிந்த கட்டில் கண்முன் வந்து போனது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டோர்காரரைப் பார்த்தார். ஸ்டோர்காரர் பரிதாபப்படவில்லை. பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கேட்டீங்களா! எல்லாரும் கேட்டீங்கல்ல! ஒத்துக்கிட்டாருய்யா! இத்தனை வருஷம் கழிச்சு, ரேடியோ தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரு!"

பெஞ்சு வெடித்தது. ரேடியோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "இல்லய்யா! ஓட்டம்… ஓட்ட…" என்று கத்தப்போனவருக்கு, பாதியிலேயே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் இன்னும் ஒரு பக்கம் கோணியபடியே சிரித்தார். சைரன் ஊதியதை யாரும் கவனிக்கவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. பேச்சு முன்போல முழுதாகத் திரும்பவும் இல்லை. திரும்பாது என்று இப்போது அவருக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஒரு வாதம்தான் கட்டுப்படியாகிறது. மதியம் முடிந்தால் களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் கட்சியைக் கேட்கிறார். டென்னிஸ்காரிக்காகவும் இப்போது சில நாள் வாதாடுகிறார். அதை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று ஸ்டோர்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.