காகத்துக்கு வைத்த சலாட்

என் கணவருக்குச் சீனி வருத்தம். சோற்றைக் குறைத்துப் பச்சை மரக்கறியைக் கூட்டச் சொல்லி டொக்டர் சொன்னார். மனிதர் பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகம். இவருக்கு ஏதும் ஆகிவிட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு பெண், சீனாக்காரர் பாணியில் சலாட் செய்து காட்டினாள். அடுப்பே மூட்டத் தேவையில்லை. சனிக்கிழமை காலையில் சுன்னாகம் சந்தைக்குப் போய் முட்டைக்கோவா, கரட், வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் வாங்கி வந்து நூல் நூலாக அரிந்தேன். மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். போட்டேன்.

"என்னப்பா, மரக்கறிக்குக் காய்ச்சலே?" என்று குசினி வாசலில் நின்று கேட்டார்.

நல்லெண்ணெய், சோயா சோஸ், தேசிக்காய்ப்புளி, இஞ்சிச்சாறு எல்லாவற்றையும் சேர்த்து அடித்து ஊற்றினேன். மேலே வறுத்த எள்ளும் இடித்த கச்சான் கடலையும் தூவினேன்.

"நல்லெண்ணெயும் எள்ளும் சனீஸ்வரனுக்கு எரிக்கிற சாமானெல்லே. எனக்கேன் தாறீர்?"

"இண்டைக்குப் புரட்டாதிச் சனிதானே. பொருத்தமாத்தான் இருக்கு."

"அப்ப முதலிலை காகத்துக்கு வையும். காகம் தொட்டால் நானும் சாப்பிடுறன். அவியாத மரக்கறி மாட்டுக்குத்தான் சரி."

விரத நாளில் காகத்துக்குப் படைத்து, அது வாய் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இலை போடுவோம். அந்தக் காகமோ பருப்பில் உப்புக் குறைந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பச்சைக் கோவாவைத் தொடுமா? கணவர் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். படையலுக்குச் சுட்டு, அவர் கண்ணில் படாமல் மூடி வைத்திருந்த வடைகளில் ஒன்றை எடுத்துக் காகத்தின் பங்குச் சலாட்டுக்குள் புதைத்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை.

மதில்மேல் இலையை வைத்துக் "கா, கா" என்று கூப்பிட்டேன். காகம் வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது. தலையைச் சரித்து மற்றக் கண்ணாலும் பார்த்தது. பிறகு ஒரு கோவாத் துண்டை இழுத்து மதிலுக்கு வெளியே எறிந்தது.

"அதுக்கு அறிவிருக்கு," என்றார் கணவர்.

இன்னொரு துண்டையும் எறிந்தது. 'சனீஸ்வரா, ஏழரை வருஷம் என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை, இந்த ஒருமுறை காப்பாற்று' என்று மனதுக்குள் கும்பிட்டேன். மூன்றாம் கொத்தில் காகம் எதையோ கவ்விக்கொண்டு பறந்தது. அதன் அலகில் ஒரு கரட் நூல் மீசைபோலத் தொங்கியது.

"சாப்பிட்டிட்டுது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மனிதர் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு கொஞ்சமாகவும் சலாட் மலைபோலவும் வைத்தேன். அவர் மென்ற சத்தம் முற்றத்துக்குக் கேட்டது.

"பலகை அரியிறியளோ எண்டு சனம் வந்து கேக்கப்போகுது," என்றார். ஆனாலும் நிறுத்தவில்லை. கோவாவைக் கிளறிக் கிளறி, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாக என் சொல் கேட்காத மனிதர், ஒரு காகத்தின் சொல்லைக் கேட்டுவிட்டாரே.

கை கழுவிவிட்டு வந்தவர், துவாயால் வாயைத் துடைத்தபடி மதிலைப் பார்த்தார்.

"காகத்தின்ரை பங்குக்குள்ளை வடை இருந்தது, கிணத்தடியிலை நிண்டு பாத்தனான்," என்றார். "என்ரை பங்கிலையும் இருக்குமெண்டு அடிமட்டும் தேடினன். காணேல்லையேயப்பா?"