நகப்பூச்சில் எழுதிய பெயர்

சிதம்பரத்திலிருந்து மகளோடு கடலூர் போய், கடலோரத்தில் சுற்றுச்சூழல் விடுதி ஒன்றில் தங்கினேன். வாசலிலேயே உரிமையாளர் மகளின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்கள மாதிரி ஆளுங்களாலதான்மா கடலே நாசமாவுது. இது மறுசுழற்சிக்குப் போயிடும்."

எல்லோரும் பார்க்க, தலைகுனிந்து நின்றேன்.

மறுநாள் காலை விடுதிக்குப் பின்னால் ஒரு மீனவ அக்கா வலையில் சிக்கிய குப்பையைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் அந்தப் பாட்டில். பள்ளியில் தொலையாமலிருக்க நான் நகப்பூச்சால் எழுதிய மகளின் பெயர், 'யாழினி', அழியவே இல்லை.

"தெனம் இந்த விடுதிக்காரங்கதான் கடல்ல கொட்டுறாங்க. கேட்டா, நாங்க இல்லங்கறாங்க" என்றார் அக்கா.

"இன்னிக்கு அப்படிச் சொல்ல முடியாதுக்கா. கூடையக் குடுங்க."

இருவருமாகத் தூக்கிப் போய், விருந்தினர்களோடு டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த உரிமையாளரின் மேசையில் கூடையைக் கவிழ்த்தோம். பாட்டிலை மட்டும் எடுத்து, பெயர் தெரியும்படி அவர் தட்டருகில் வைத்தேன்.

"மறுசுழற்சி முடிஞ்சி வந்துடுச்சி சார்."

பெயரைப் படித்ததும் அவர் முகம் கறுத்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது.

இப்போதெல்லாம் எந்தக் கடலோர விடுதியிலும் குப்பைத்தொட்டியில் எதைப் போட்டாலும் நகப்பூச்சால் பெயர் எழுதித்தான் போடுகிறேன். விடிந்ததும் கரைக்குப் போய்த் தேடுகிறேன்.

— கலைச்செல்வி, சிதம்பரம்