நெல்மணி அளவு இரும்பு

ஜீப்புக்கு அடியில் எண்ணெய் வடிக்கும் நட்டைக் கழற்றியதும் அந்த மெக்கானிக் வாளியைப் பார்ப்பதில்லை. எண்ணெய் அதுபாட்டுக்கு வடியட்டும் என்று விட்டுவிட்டு, நட்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசல் வெளிச்சத்துக்கு வருவார். அதன் நுனியில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கிறது. உள்ளே சுற்றும் பல்சக்கரங்கள் தேய்ந்து உதிர்க்கும் இரும்பெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பார். கட்டைவிரலில் தேய்ப்பார். மோந்தும் பார்ப்பார். அதுவரை வண்டிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது.

ஜீப் ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஜோசியர். "மை மாதிரி இருந்தா பேசாம ஓட்டு. மணல் மாதிரி இருந்தா மாசம் ஒருதடவ காட்டு. பல்லு மாதிரி எதாச்சும் இருந்தா சாவியக் குடு." இவ்வளவுதான் அவர் சொல்லும் பலன். எண்ணெய் பால்விட்ட காப்பி நிறத்தில் வடிந்தால் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு வசவு தனி. வீட்டில் சாப்பாட்டுத் தட்டையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாராம். "இருபத்தாறு வருஷமா என் சமையலயும் கியர் ஆயில்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காரு" என்பார் அவர் மனைவி.

மலைமேல் இருக்கும் மழைமானிகளில் அளவு குறித்துவர வாரம் ஒருமுறை போகிறவன் நான். என்னை ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர் ஜோசியரின் மனைவிக்குத் தம்பி. அந்த ஜீப் செவ்வாயும் வெள்ளியும் இன்னொருவருக்காகவும் மலை ஏறும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அங்கே மகனோடு இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு நாள் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டாக வேண்டும். மலைக்கு இருக்கும் ஒரே வண்டி அது. கடைசி இரண்டு கிலோமீட்டர் சேற்று ஏற்றம். நான்கு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். இடப்பக்கம் முழுக்கப் பள்ளம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. முந்தைய நாள் ஓடையில் தண்ணீர் கூடுதலாக ஓடியதால், மலைக்குக் கிளம்பும் முன் எண்ணெய் மாற்றிவிடலாம் என்று வண்டியைக் கொண்டுவந்திருந்தோம். பின் சக்கர அச்சான ஆக்சில் சுத்தம். முன் ஆக்சில் நட்டோடு வாசலுக்குப் போன ஜோசியர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தோம். காந்தத்தின் மேல் நெல்மணி அளவில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு பக்கம் பளபளவென்று உடைந்திருந்தது.

"சாவி" என்றார்.

"மாமா, டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க. பத்து மணிக்கு மிஷின்ல படுக்கணும்" என்றான் டிரைவர்.

"உள்ள பல்லு ஒடஞ்சிருக்கு. ஏத்தத்துல முன் சக்கரம் இறுகிப்போச்சுன்னா வண்டி எந்தப் பக்கம் போகும், சொல்லு."

"ஒரே ஒரு நடை. வந்ததும் நீங்க பிரிச்சுப் போட்டுக்கோங்க."

"ஒடஞ்சது நடையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்காது மாப்ள."

பிரித்துப் பார்க்க அரை நாள் ஆகும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். முன் சக்கரங்களை இழுவையிலிருந்து விடுவித்துவிட்டு, பின் சக்கரங்களை மட்டும் நம்பித் தார் ரோடு முடியும் இடம்வரை போவது. அதற்கு மேலிருந்து டீச்சரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவது. போனில் மகன் கத்தியது ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. "இந்த மழையில எங்கம்மாவத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

ஜோசியர் போனை வாங்கி, "ஆமா தம்பி" என்றார்.

தார் ரோட்டின் முடிவில் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. இன்னும் அரை மணி. வளைவில் நாற்காலி தெரிந்தபோது அதைத் தூக்கிவந்த நால்வரில் ஒருவன் சறுக்கினான். நாற்காலி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, மீண்டும் நிமிர்ந்தது. வண்டியில் ஏற்றும்போது டீச்சரின் உதடு கறுத்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர மணி பன்னிரண்டரை. அவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிவரை ஆக்சிஜனை வைத்துக்கொண்டு அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சும் வராந்தாவரை கேட்டது. பிழைத்துக்கொண்டார். நான்கு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ஜோசியர் முன் ஆக்சிலைப் பிரித்தார். ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று. எல்லாப் பல்லும் முழுசாக இருந்தன. வெகுநேரம் குந்தியிருந்தவர் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த உளிகளில் ஒன்றை எடுத்தார். அதன் முனையில் ஒரு மூலை இல்லை. துண்டை அங்கே வைத்தார். அச்சாகப் பொருந்தியது. இரண்டு மாதம் முன்பு அந்த ஆக்சிலில் வேலை பார்த்தபோது உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. அவர் கவனிக்கவில்லை.

டிரைவர் கதவைப் பாதி சாத்தினான். "மூடி எண்ணெய ஊத்துங்க மாமா. பல்லு மாத்தியாச்சுன்னு சொல்லிக்கலாம். முழுப் பூசணிக்காயவா சோத்துல மறைக்கிறோம்? நெல்லளவு இரும்பு."

ஜோசியர் மூடினார், எண்ணெய் ஊற்றினார். அதற்குப் பிறகு மூன்று நாள் வந்த வண்டிகளின் நட்டை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே இல்லை. வாளி ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். சேற்று ஏற்றத்தை வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அவர் முகம் இன்னும் இறுகியது. வீட்டு வாசலில் டீச்சர் நின்றிருந்தார். மகன் குடை பிடித்திருந்தான்.

ஜோசியர் இறங்கிப் போனார். "அன்னைக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். அது என் உளியோட முனை. நான்தான் உள்ள விட்டிருக்கேன். உங்கள வீணாத் தூக்க வெச்சுட்டேன்."

டிரைவர் ஸ்டீரிங்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. மகன் குரலை உயர்த்தவில்லை. "எங்கம்மா செத்துப் போயிருப்பாங்க" என்றான். குடையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இன்னைக்கு அதே மாதிரி ஒரு துண்டு கெடச்சிருந்தா?"

ஜோசியர் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக்கொண்டார்.

"நிறுத்தியிருப்பேன் டீச்சர்."

"மறுபடியும் தூக்கிட்டு வரச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா. மொதல்ல என் உளியப் பாத்துட்டு."

டீச்சர் மெல்ல ஜீப்பை நோக்கி நடந்தார். ஜீப்பின் படி உயரம். வழக்கமாக மகன்தான் தூக்கி ஏற்றுவான். அன்று அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஜோசியர் முன்னால் போய், சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலின் தொடையைப் படி மாதிரி நீட்டினார். டீச்சர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சேறு அப்பிய செருப்பை அந்தத் தொடைமேல் வைத்து ஏறினார்.